டவுன்ஹில் பைக்குக்கு எடை கம்மியான, ஆனா உடையாத பெடல் - எது எடுக்கலாம்?

#1 தூசி_பறக்குது
வணக்கம் மக்களே, ரொம்ப நாளா சும்மா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் கேள்வியோட வர்றேன். என்கிட்ட இருக்கறது 200 மிமீ டிராவல் (சஸ்பென்ஷன் அமுங்கற அளவு) டவுன்ஹில் பைக், அதாவது மலைச்சரிவுல இறங்கறதுக்குன்னே செஞ்சது, மொத்தம் 16.4 கிலோ. ஃப்ரேம், ஃபோர்க் எல்லாம் நல்ல கண்டிஷன். பெடல் மட்டும் பழைய ஓனர் மாட்டிக் குடுத்தது, அலுமினியம் பிளாட் (ஷூவைப் பூட்டாத தட்டைப் பெடல்), தராசுல வெச்சா ஜோடி 520 கிராம் காட்டுது. ஷூ வழுக்காம பிடிக்கற குட்டி முள்ளு, அதான் பின், அதுல பாதி இல்ல, இடது பக்கம் கையால பிடிச்சு ஆட்டினா டக்கு டக்குன்னு சத்தம் வருது.

புதுசு வாங்கறதுன்னு முடிவு பண்ணியாச்சு. அப்ப எடையையும் குறைச்சுடலாமேன்னு தேடினப்ப டைட்டானியம் ஆக்சில் (பெடல் நடுவுல போற அச்சுக் கம்பி) போட்ட 270 கிராம் பெடல் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, ஜோடிக்கு 250 கிராம் மிச்சம், அதுலயே மனசு நிக்குது. ஆனா நான் கவசம் எல்லாம் மாட்டினா 84 கிலோ வருவேன், பாறை நிறைஞ்ச டிராக்லதான் ஓட்டறேன், வாரத்துக்கு ரெண்டு தடவையாவது பெடல் பாறையில மோதுது. இந்த எடை கம்மி பெடலெல்லாம் இதைத் தாங்குமா? யாராவது சொந்தமா ஓட்டினவங்க சொல்லுங்க.

#2 கல்லுருட்டி
தாங்காது. அடுத்த கேள்வி.

#3 தூசி_பறக்குது
அண்ணே கொஞ்சம் விளக்கமா சொன்னா நல்லா இருக்கும் 😅

#4 கல்லுருட்டி
சரி தம்பி, கோவிச்சுக்காத. நான் ஒரு சீசன் முழுக்க டைட்டானியம் ஆக்சில் பெடல் ஓட்டினேன், கம்பெனி பேர் வேண்டாம். முதல் மூணு மாசம் ராஜா மாதிரி இருந்துச்சு. அப்புறம் வலது பெடல் சுத்தறப்ப லேசா வெட்டி வெட்டி சுத்துச்சு. கழட்டி கண்ணாடி மேல உருட்டிப் பாத்தா ஆக்சில் வளைஞ்சிருக்கு. பெருசா ஒண்ணும் விழல, தொடர்ந்து டிராப்ல (மேட்டுல இருந்து கீழ குதிக்கற இடம்) இறங்கினதும் ரெண்டு மூணு பாறை அடியும்தான். வாரண்டி கேட்டா சின்னதா எழுதியிருந்த ஒரு வரியைக் காட்டினாங்க, ஓட்டற ஆள் எடைக்கு ஒரு வரம்பு போட்டிருக்கு, நான் அதுக்கு மேல. நீ 84 கிலோன்னு சொல்றே, அந்த 270 கிராம் பெடலோட மேனுவலை கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சுட்டு வா, அதுக்கப்புறம் பேசலாம்.

#5 ஒத்தையடிப்பாதை
நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன். என் எண்டூரோ பைக்ல (ஏத்தம் இறக்கம் ரெண்டுக்குமான பைக்) டைட்டானியம் ஆக்சில் பெடல் ரெண்டு வருஷமா ஓடுது, ஒரு பிரச்சனையும் இல்ல. ஆனா நான் 61 கிலோ, பாதி நேரம் ஏத்தத்துல மிதிச்சுட்டுத்தான் போறேன். அதனால டைட்டானியம்னாலே உடைஞ்சிடும்னு சொல்றது நியாயமில்ல. எந்த ஆள், எந்த ஓட்டுன்னு பாக்கணும்.

#6 பேரிங்_பெருமாள்
இதுல அடிப்படை விஷயம் ஒண்ணு இருக்கு, அதைப் பேசாம பிராண்ட் பேசினா பிரயோஜனமில்ல. நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

பெடல்ங்கறது கிராங்க்ல (பெடல் மாட்டற கை) ஒரு பக்கம் மட்டும் பிடிப்பு இருக்கற ஒரு கம்பி. மறுமுனை அந்தரத்துல நிக்குது. கால் அழுத்தறது கிராங்க்ல இருந்து 5, 6 செ.மீ தள்ளி. 84 கிலோ ஆள் டிராப்ல இறங்கறப்ப எடை நாலு மடங்கா விழுதுன்னு வெச்சுக்குவோம், 336 கிலோ. ரெண்டு காலுக்கும் பிரிச்சா ஒரு பெடலுக்கு 168 கிலோ. அந்த மொத்த பாரத்தையும் வாங்கறது கிராங்க்கை ஒட்டி இருக்கற ஆக்சிலோட அடிப்பகுதிதான். மரை முடிஞ்சு தடிமன் மாறற இடம் ஒண்ணு இருக்கு பாருங்க, நான் பாத்த உடைஞ்ச ஆக்சில்ல முக்கால்வாசி அங்கதான் விட்டிருக்கு. பாடி உடைஞ்சா கால் வழுக்கும், அவ்வளவுதான். ஆக்சில் உடைஞ்சா கால் கீழ போகும், முகம் முன்னாடி போகும்.

இப்ப டைட்டானியம் கணக்கு. ஸ்டீலோட அடர்த்தி கன செ.மீக்கு 7.8 கிராம், டைட்டானியம் 4.4. ஸ்டீல் ஆக்சில் ரெண்டும் சேந்து 140 கிராம்னு வெச்சா, அதே அளவுல டைட்டானியம்னா 80 கிராம் கிட்ட வரும். ஜோடிக்கு 60 கிராம்தான் மிச்சம். ஆனா டைட்டானியத்தோட விறைப்பு ஸ்டீல்ல பாதிதான். அதே தடிமன்ல அது ரெண்டு மடங்கு வளையும். வளைஞ்சு நேராயிடும்னாலும் உள்ள இருக்கற பேரிங் ஒவ்வொரு தடவையும் கோணலா பாரம் வாங்குது. இன்னொண்ணு, டைட்டானியத்துக்கு கீறல் ஆகாது. பரப்புல ஒரு வெட்டு விழுந்துச்சுன்னா அதுல இருந்தே விரிசல் ஆரம்பிக்கும்.

இதை சரிக்கட்ட ஆக்சிலை கொஞ்சம் தடியா பண்ணலாம். விட்டம் 10 சதவீதம் கூடினா வளையற பாரத்தைத் தாங்கற பலம் 33 சதவீதம் கூடும். ஆனா கிராங்க் ஓட்டை 9/16 இஞ்ச்னு எல்லாருக்கும் ஒரே அளவு, அதுக்கு மேல அடிப்பகுதியை எங்க தடியாக்கறது? அதனாலதான் டவுன்ஹில்லுக்கு க்ரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த) ஸ்டீல் ஆக்சில்னு இன்னும் பேசிட்டிருக்கோம்.

என் கட்சி இதான்: எடையைக் குறைக்கணுமா, பாடியில குறைங்க. ஆக்சில்ல கை வைக்காதீங்க.

#7 முழங்கால்_தழும்பு
பெருமாள் அண்ணே நீங்க எழுதினதுக்கு ஒரு கும்பிடு. ஆனா 'முகம் முன்னாடி போகும்'னு அவ்வளவு சாதாரணமா சொல்லிட்டீங்களே, படிச்சதும் பல்லு கூசுது.

#8 தூசி_பறக்குது
மேனுவலைப் படிச்சேன் கல்லுருட்டி அண்ணே. நீங்க சொன்ன மாதிரியே 80 கிலோ வரம்பு. அதுலயும் 'டிரெயில் பயன்பாட்டுக்கு'ன்னு, அதாவது சாதாரண காட்டுப்பாதை ஓட்டுக்குன்னு, போட்டிருக்கு. தப்பிச்சேன்.

சரி, பாடியில எடை குறைக்கறதுன்னா எப்படி? நைலான் பெடலா? அது பிளாஸ்டிக் தானே? சின்ன வயசு சைக்கிள்ல இருந்த பெடல் மாதிரி பொளந்துக்காதா?

#9 வடலி
தம்பி, பிளாஸ்டிக் எண்டு இளக்காரமா நினைக்காதேங்கோ. நான் மூண்டு வருசமா நைலான் கலவைப் பெடல்தான் பாவிக்கிறன். முந்தி எனக்கும் அதே நினைப்புத்தான் இருந்தது, ஒரு கூட்டாளி தன்ர பழைய சோடியைத் தந்தவன், சும்மா கிடக்கட்டும் எண்டு போட்டனான். பிறகு கழட்டவே மனம் வரேல்ல. பாறையில பட்டால் அலுமினியம் மாதிரி கொளுவுப்படாது, வழுக்கிக்கொண்டு போகும். அலுமினியப் பெடல் கல்லில இடிச்சால் கல்லைக் கடிச்சு நிக்கும், சைக்கிள் நிண்டிடும், நாங்கள் போயிடுவம். நைலான் தேயும், ஓரமெல்லாம் நூல் நூலாப் பிரிஞ்சு அசிங்கமா இருக்கும், ஆனால் ஓடும்.

#10 பேரிங்_பெருமாள்
வடலி சொல்றது நூத்துக்கு நூறு. அது வெறும் பிளாஸ்டிக் இல்ல, நாரு கலந்து அச்சுல வார்த்த நைலான். உள்ள ஆக்சில் அதே க்ரோமோலிதான். பாரம் வாங்கற எலும்பு ஸ்டீல், மேல தோல் மட்டும் நைலான். ரேஸ்ஃபேஸ் செஸ்டர் ஜோடி சுமார் 340, 350 கிராம். ஒன்அப் காம்போசிட் 355 கிட்ட. இந்தப் பக்கம் அலுமினியத்துல டியிட்டி டிமேக், டிஎம்ஆர் வால்ட் மாதிரி தடிப்பசங்க எல்லாம் 400ஐ தாண்டும். ஷிமானோ செயின்ட் எம்எக்ஸ்80 அரை கிலோ. அதாவது டைட்டானியம் பக்கமே போகாம, 520ல இருந்து 350க்கு இறங்கிடலாம். 170 கிராம்.

#11 ஒத்தையடிப்பாதை
நைலானுக்கு எதிரா ஒரு பாயிண்ட் நான் வைக்கணும். அது தேயறது மட்டும் இல்ல, பின் உக்கார்ற இடத்துல பிளக்கும். பாறை பின் மேல நேரா அடிச்சா அலுமினியம் பாடியில பின் வளையும் இல்ல முறியும், பாடி நிக்கும். நைலான்ல பின் அந்த மூலையையே பேத்துட்டுப் போயிடும். எனக்கு ஒரு தடவை முன் மூலை ரெண்டு பின்னோட சேர்த்து காணாம போச்சு. மிச்ச எட்டு பின்ல வீடு வந்து சேர்ந்தேன்.

#12 வடலி
வந்து சேர்ந்தனீங்கள் தானே 😄

#13 ஒத்தையடிப்பாதை
அது சரி. வந்து சேர்ந்தேன்.

#14 கிளிப்_கட்சி
எல்லாரும் பிளாட் பிளாட்னு பேசறீங்க, கிளிப் (ஷூவை பெடலோட பூட்டற வகை) போட்டா கால் பெடலை விட்டு நகராது, பாறைக் காட்டுல குலுங்கறப்ப அது எவ்வளவு பெரிய விஷயம். உலகக் கோப்பை டவுன்ஹில்ல நிறைய பேர் கிளிப்தான். மேலட் டிஎச் மாதிரி சுத்தி மேடை வெச்ச கிளிப் பெடல் பாருங்க, 480 கிராம் கிட்ட வரும், எடை கூடத்தான், ஆனா வேகம் வரும்.

#15 முழங்கால்_தழும்பு
சாம் ஹில் பிளாட்லயே 2006, 2007, 2010னு மூணு தடவை டவுன்ஹில் உலக சாம்பியன். அப்புறம் எண்டூரோ வேர்ல்ட் சீரிஸும் 2017, 2018, 2019 மூணு வருஷம் வரிசையா பிளாட்லயேதான் அடிச்சாரு. வேகம் கிளிப்ல இல்லீங்க, ஆள்ல இருக்கு.

#16 கிளிப்_கட்சி
எப்ப பேசினாலும் அவரையே இழுத்துட்டு வருவீங்கன்னு தெரியும். ஒரே ஒரு ஆளு!

#17 முழங்கால்_தழும்பு
ஒரு ஆளு போதும்ல 😁

#18 கல்லுருட்டி
கிளிப்பா பிளாட்டாங்கற சண்டைக்கு தனி இழையே ஓடிட்டிருக்கு, அங்க போய் அடிச்சுக்கங்க. தம்பி கேட்டது எடை. இதுல யாரும் கேக்காத கேள்வியை நான் கேக்கறேன்: டவுன்ஹில்ல பெடல் எடை எதுக்குக் குறைக்கணும்?

பைக் 16.4, ஆள் 84. கூட்டினா 100 கிலோ. 250 கிராம் குறைச்சா கால் சதவீதம். அதுவும் பெடல் எங்க இருக்கு? ஃப்ரேம் நடுவுல, சஸ்பென்ஷனுக்கு மேல, தரைக்குக் கிட்ட, கீழ்மட்டத்துல. எடை இருந்தாலும் தொந்தரவு பண்ணாத இடம்னா அதுதான். வீல்ல, டயர்ல 250 கிராம் குறைஞ்சா சஸ்பென்ஷன் வேலை செய்யறதே மாறும், பிரேக் பிடிக்கறப்ப தெரியும், வளைவுல தெரியும். பெடல்ல குறைஞ்சா தராசுக்கு மட்டும்தான் தெரியும். சுத்தற எடைன்னு சிலர் சொல்லுவாங்க, கீழ இறங்கறப்ப பெடல் எங்க சுத்துது? ரெண்டு காலையும் சமமா வெச்சு நின்னுட்டுத்தானே போறோம். மழை நாள்ல ஷூ அடியில ஒட்டியிருக்கற சேத்தை சுரண்டி தராசுல வெச்சுப் பாரு, நீ மிச்சம் பிடிச்ச எடை அங்க ஒட்டிட்டு இருக்கும்.

#19 தூசி_பறக்குது
அண்ணே நீங்க ஒரே அடியில என் ஆசையை அடக்கம் பண்ணிட்டீங்க.

#20 ஒத்தையடிப்பாதை
கல்லுருட்டி சொல்றது டவுன்ஹில் பைக்குக்கு சரி, ஆனா ஒரு திருத்தம். பைக்கை மேல தள்ளிட்டு ஏறறவங்களுக்கும், அதே பெடலை டிரெயில் பைக்குக்கும் மாத்தி மாத்தி போடறவங்களுக்கும் 150 கிராம் ஒண்ணுமே இல்லன்னு சொல்ல முடியாது. அதுக்காக பயந்து பயந்து மிதிக்கற பெடலை போடணும்னு சொல்லல. சும்மா கிடைக்கற எடையை எடுத்துக்கலாம். நைலான்ல கிடைக்கறது சும்மா கிடைக்கற எடை. டைட்டானியத்துல கிடைக்கறதுக்கு எதையாவது குடுத்தாகணும்.

#21 பேரிங்_பெருமாள்
'சும்மா கிடைக்கற எடை' - இந்த வார்த்தையை நான் எடுத்துக்கறேன்.

தம்பி, எடையை விட நீ பாக்க வேண்டியது மூணு நாலு இருக்கு. முதல்ல தடிமன். மெல்லிசு பெடல்னா ரெண்டு லாபம், கால் ஆக்சிலுக்கு கிட்ட நிக்கும், பெடல் குப்புற புரளாது. அடியில பாறைக்கும் பெடலுக்கும் கொஞ்சம் கூடுதல் இடைவெளி கிடைக்கும். உனக்கு வாரம் ரெண்டு அடி விழுதுன்னு சொன்னே. அதுக்கு பெடலை விட கிராங்க் நீளம்தான் முக்கியம்னு நினைக்கறேன், எத்தனை போட்டிருக்கே? 170ஆ இருந்தா 165 போட்டாலே பெடல் கீழ வர்றப்ப 5 மிமீ மேல நிக்கும். பெடல்ல அந்த 5 மிமீ வாங்கணும்னா மொத்த தடிமன்ல 10 மிமீ குறையணும், அது நடக்காது, ஏன்னா பாதி மேல பாதி கீழ.

ரொம்ப மெல்லிசா போனா இன்னொரு சிக்கல். உள்ள பேரிங்குக்கு இடம் இருக்காது. அதனால ஒரு முனையில குட்டியூண்டு பேரிங், மறுமுனையில வெறும் புஷ் (உருண்டை இல்லாத வழவழப்பான வளையம்)னு வெச்சு சமாளிப்பாங்க. சில பெடல்ல கிராங்க் பக்கம் ஒரு புடைப்பு இருக்கும் பாத்திருக்கியா, பெரிய பேரிங்கை அங்க ஒளிச்சு வெச்சிருப்பாங்க. அந்தப் புடைப்பு ஷூவுல இடிக்கும், சிலருக்கு எரிச்சல். எனக்கு அது பழகிப் போச்சு.

#22 தூசி_பறக்குது
கிராங்க் 170 தான் அண்ணே. இது யோசிக்கவே இல்ல.

அப்புறம் புஷ் நல்லதா பேரிங் நல்லதா? இப்ப இருக்கற பெடல் ஆட்டம் குடுக்கறது அந்த புஷ்னாலதான்னு ஒரு கடையில சொன்னாங்க.

#23 பேரிங்_பெருமாள்
ஆட்டம் எங்க இருந்து வருதுன்னு நீயே பாத்துடலாம். பெடலோட வெளிமுனையைப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டு. பாடி ஆடுது, ஆக்சில் அசையலன்னா புஷ் தேஞ்சிருக்கு. ஆக்சிலும் சேர்ந்து ஆடுதுன்னா கிராங்க் மரையில லூசு, உடனே நிறுத்து, அப்படியே ஓட்டினா கிராங்க் மரை போயிடும். பாடி ஆக்சில் நீளத்துக்கு உள்ள வெளிய நகருதுன்னா முனையில இருக்கற நட்டு லூசு, மூடியைக் கழட்டி அரை சுத்து இறுக்கினா போதும்.

புஷ்ஷா பேரிங்காங்கறது சாமியார் சண்டை மாதிரி முடியாது. புஷ் பெரிய பரப்புல பாரத்தை வாங்கும், இடி தாங்கும், எடை கம்மி, ஆனா தேயும், மண்ணு போனா இன்னும் சீக்கிரம். கார்ட்ரிட்ஜ் பேரிங் (மூடி வெச்சு ரெடியா வர்ற பேரிங்) சுத்தறது வெண்ணெய் மாதிரி, ஆனா குட்டி பேரிங் இடியில பள்ளம் விழும். இங்க ஒரு விஷயம் தெரிஞ்சுக்க, டவுன்ஹில் பெடல் வழவழன்னு சுத்தணும்னு அவசியமே இல்ல. கையால தட்டினா பத்து சுத்து சுத்துதேன்னு கடையில மயங்காதே. கால் எடுத்த பெடல் சுத்தாம அப்படியே நின்னாத்தான் திரும்ப வைக்கறப்ப லேசு. கொஞ்சம் இறுக்கமா, சீல் நல்லா இருந்தா அதுதான் நல்ல பெடல்.

ஷிமானோ எம்எக்ஸ்80 மாதிரி பழைய முறை கோன் (கூம்பு நட்டு), தனித்தனி பால்ஸ் போட்டது அரை கிலோ கனம்தான், ஆனா கிரீஸ் மாத்தி மாத்தி வருஷக்கணக்கா ஓட்டலாம். எடையைப் பத்தி கவலைப்படாதவங்களுக்கு நான் அதைத்தான் சொல்லுவேன்.

#24 சும்மா_படிக்கிறவன்
முதல் தடவை எழுதறேன். பின் பத்தி யாராவது சொல்லுங்களேன். என் பெடல்ல பின் எல்லாம் மேல இருந்து முறுக்கற மாதிரி, பாறையில உரசி உரசி அந்த ஓட்டை மழுங்கிப் போச்சு, ஆலன் கீ நிக்கவே மாட்டேங்குது.

#25 முழங்கால்_தழும்பு
ஆஹா, என் சப்ஜெக்ட்.

பெடல் வாங்கறப்ப பாடி நிறம் பாக்கறதுக்கு முன்னாடி பெடலைத் திருப்பி பின் எப்படி மாட்டியிருக்குன்னு பாருங்க. மேல இருந்து முறுக்கற தலையில்லாத பின் ஒரு ரகம், அதோட வாய் ஷூ பக்கமே இருக்கும், பாறையில அடிபட்டா வாய் மூடிக்கும், அப்புறம் அதை எடுக்கறதுக்குள்ள தாலி அறுந்துடும். அடியில இருந்து முறுக்கற பின் இன்னொரு ரகம். இதுல தலை எதிர்ப்பக்கம் குழிக்குள்ள பத்திரமா இருக்கும், மேல முறிஞ்சாலும் கீழ இருந்து கழட்டிடலாம். நைலான் பெடல்ல சிலது பின் ஒரு பக்கம், நட்டு மறுபக்கம்னு வெச்சிருப்பாங்க, அது இன்னும் உத்தமம், ஏன்னா நைலான்ல மரை இருந்தா ஒரு தடவை கழண்டுச்சுன்னா அந்த ஓட்டையோட கதை முடிஞ்சுது, நட்டு இருந்தா நட்டை மாத்திட்டுப் போயிட்டே இருக்கலாம்.

அப்புறம் பின் முறியறது நல்லது. ஆமா நல்லதுதான். அது பலி ஆடு. பின் போனா பாடி தப்பிக்கும். அதனால ஒரு பை பின் எக்ஸ்ட்ரா வாங்கி வெச்சுக்கங்க, அதே கம்பெனி பின் தனியா கிடைக்குதான்னு பாத்துட்டு பெடல் வாங்குங்க. மாட்டறப்ப நீல நிற மரைப்பசை ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், ஜென்மத்துக்கும் கழண்டு வராது.

பின் எத்தனை உயரம்னா, முன்னாடியும் பின்னாடியும் உயரமா, ஆக்சில் மேல குட்டையா இருந்தா கால் ஒரு குழியில உக்காந்த மாதிரி இருக்கும். எல்லா இடத்துலயும் 5 மிமீ பின்னா வெச்சா பிடிப்பு பயங்கரமா இருக்கும்தான், ஆனா காலை கொஞ்சம் நகத்தி வைக்கக்கூட முடியாது, தூக்கித்தான் வைக்கணும். அப்புறம் என் பேரைப் பாருங்க. முழங்கால்னு வெச்சுட்டேன், உண்மையில தழும்பு எல்லாம் கணுக்காலுக்கு மேல முன்னெலும்புல. பதினோரு கோடு. ஒரே பெடல். ஒரே நாள். நாய் கடிச்சுதான்னு டாக்டர் கேட்டாரு.

#26 கல்லுருட்டி
😂😂 முன்னெலும்புக்கு கார்டு போடுய்யா.

#27 முழங்கால்_தழும்பு
இப்ப போடறேன். அப்ப யாரும் சொல்லல.

#28 ஒத்தையடிப்பாதை
ஷூ பத்தி ஒரு வரி. பிடிப்புல பாதி பின், பாதி ஷூ அடிப்பாகம். மென்மையான ரப்பர் அடி போட்ட பிளாட் ஷூ இருந்தா சாதாரண பெடலே ஒட்டிக்கும். ஓடற ஷூ போட்டுட்டு உலகத்துலயே பெஸ்ட் பெடல் வாங்கினாலும் வழுக்கும். பெடல் அளவும் ஷூவைப் பாத்துத்தான். க்ராங்க்பிரதர்ஸ் ஸ்டாம்ப் சின்னது பெருசுன்னு ரெண்டு அளவுல வருது, சின்னது 100க்கு 100 மிமீ, பெருசு 114க்கு 111. பெரிய பாதத்துக்கு சின்ன பெடல் போட்டா ஷூ வெளிய தொங்கும், சின்ன பாதத்துக்கு பெரிய பெடல் போட்டா சும்மா பாறையில இடிக்கறதுக்கு கூடுதல் இடம்.

#29 தூசி_பறக்குது
மக்னீசியம் பாடின்னு ஒண்ணு பாத்தேன், அலுமினியத்தை விட எடை கம்மி, அது எப்படி?

#30 பேரிங்_பெருமாள்
அடர்த்தி அலுமினியத்துக்கு 2.7, மக்னீசியத்துக்கு 1.8 கிட்ட. கேக்க நல்லா இருக்கும். ஆனா மேல பெயிண்ட் பேந்துச்சுன்னா ஈரத்துல அரிச்சுடும், நீ ஓட்டற ஓட்டுக்கு பெயிண்ட் ஒரு வாரம் இருந்தா அதிசயம். பின் மரையும் சீக்கிரம் கழண்டுக்கும். வேண்டாம்.

#31 கல்லுருட்டி
செகண்ட் ஹேண்ட் எடுக்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாடி கீறலைப் பாக்காதீங்க, அது எல்லாத்துலயும் இருக்கும். ஆக்சிலை கிராங்க்ல மாட்டி, கிராங்க்கை அசைக்காம பெடலை மெதுவா சுத்தி, வெளிமுனையை உத்துப் பாருங்க. பாடி ஒரே சீரா சுத்துதா, இல்ல ஒரு இடத்துல தடுக்குதா. அடுத்து கிராங்க்ல திருகிப் பெடலை உள்ள ஏத்தறப்ப வெளிமுனை வட்டம் போடுதான்னு பாருங்க, போட்டா ஆக்சில் வளைஞ்சிருக்கு. வளைஞ்ச ஆக்சிலை தட்டி நிமித்தித் தர்றேன்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க. பெரிய விழுகைக்கு அப்புறம் சொந்த பெடலையும் இதே மாதிரி பாக்கணும், நாம கையையும் காலையும் பாத்துட்டு டயர்ல காத்து இருந்தா போதும்னு மறுபடி ஏறிடறோம்.

#32 தூசி_பறக்குது
சரி, முடிவு பண்ணிட்டேன். நைலான் பாடி, க்ரோமோலி ஆக்சில், பின்னுக்கு மறுபக்கம் நட்டு. வந்துடுச்சு, தராசுல 352 கிராம். கூடவே ஒரு பை பின். டைட்டானியத்துக்கு எடுத்து வெச்ச காசுல 165 கிராங்க்கும் சேர்த்தே வாங்கிட்டேன், அது நாளைக்கு வருது.

இப்ப புது பிரச்சனை. பழைய பெடல் கழட்டணும். வலது வந்துடுச்சு. இடது அசைய மாட்டேங்குது. ஆலன் கீயில ஒரு இரும்புப் பைப்பை சொருகி முழு பலத்தோட முறுக்கிட்டேன், கை எரியுது, ஒரு இஞ்ச் கூட நகரல. மரைல துரு பிடிச்சிருக்குமோ? எண்ணெய் ஊத்தி ராத்திரி விடலாமா?

#33 பேரிங்_பெருமாள்
தம்பி எந்தப் பக்கம் முறுக்கினே?

#34 தூசி_பறக்குது
வலது கழட்டினப்ப பெடலுக்கு எதிர்ல நின்னு சாவியை இடஞ்சுழியா திருப்பினேன். இடதுக்கும் அப்படியேதான்.

#35 கல்லுருட்டி
😂😂😂😂

#36 வடலி
ஐயோ தம்பி, அது எதிர் மரை.

#37 பேரிங்_பெருமாள்
நீ இவ்வளவு நேரமும் இறுக்கிட்டு இருந்திருக்கே. இடது பெடலுக்கு மரை தலைகீழ், மிதிக்க மிதிக்க கழண்டு வரக்கூடாதுன்னு அப்படி வெச்சது. இடஞ்சுழி வலஞ்சுழி எல்லாம் மறந்துடு, ஆலன் கீயை கிராங்க்குக்குப் பின்னாடி இருந்து விடறப்ப அது இன்னும் குழப்பும். இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்க: சாவியோட கைப்பிடி மேல பாத்து நிக்கணும், அதை பின் வீல் பக்கம் தள்ளினா கழலும், முன் வீல் பக்கம் தள்ளினா இறுகும். ரெண்டு பெடலுக்கும் இதேதான். சாவி கிராங்க்குக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் இதேதான்.

இப்ப பைப்பு வெச்சு இறுக்கினதால நிஜமாவே கல்லா பிடிச்சிருக்கும். எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் விடு. பைக்கை கீழ நிறுத்தி யாரையாவது பிரேக்கோட பிடிக்கச் சொல்லு, வலது கிராங்க்கை ஒரு கட்டையில முட்டுக் குடுத்து கட்டு, அப்புறம் பைப்பு போடு. சாவி முழுசா உள்ள இறங்கியிருக்கான்னு பாத்துட்டு போடு, பாதியில நின்னா உள் வாய் மழுங்கிடும். புதுசு மாட்டறப்ப மரையில கிரீஸ் தடவி முதல்ல கையாலயே நாலு சுத்து ஏத்து, 35ல இருந்து 40 நியூட்டன் மீட்டர் போதும், பைப்பு வேண்டாம்.

#38 தூசி_பறக்குது
வந்துடுச்சு!!! வர்றப்ப துப்பாக்கி மாதிரி ஒரு சத்தம், பக்கத்து ரூம்ல இருந்து என்ன உடைஞ்சுதுன்னு கேட்டாங்க. கைமுட்டி கிராங்க்ல இடிச்சு தோல் போச்சு, மத்தபடி நல்லாயிருக்கேன்.

#39 முழங்கால்_தழும்பு
வாங்க வாங்க. பேரை மாத்திக்கறீங்களா? 'கைமுட்டி_தழும்பு' காலியாத்தான் இருக்கு.